ரெண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிடணுமா? அம்மாவின் எடையும் குழந்தையின் உடற்பருமனும்!

சமீபத்தில் ஒரு தோழியின் வளைகாப்புக்குப் போயிருந்தேன். கை நிறைய கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம், எதிரே வாழை இலையில் ஐந்து வகை சாதம். ``இன்னும் ஒரு கரண்டி வை. உள்ள இருக்கிற புள்ளைக்கும் சேர்த்துத்தானே சாப்பிடுறா'' என்று பெரியம்மாக்களும் அத்தைகளும் போட்டி போட்டுப் பரிமாறினார்கள். பந்தி முடிந்து கொஞ்சம் தனிமை கிடைத்ததும், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

``ஏழு மாசத்துலயே 13 கிலோ ஏறிட்டேன்டி. நேத்து செக்கப்ல, எடை கொஞ்சம் வேகமா ஏறுதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அம்மா குண்டா இருந்தா பொறக்கிற குழந்தையும் பின்னாடி குண்டாகிடும்னு எங்கேயோ படிச்சேன். நான் என் குழந்தைக்குக் கெடுதல் பண்ணிட்டேனா?''

`அதெல்லாம் ஒண்ணுமில்ல, கவலைப்படாதே' என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால், அது பாதி உண்மைதான். `ஆமாம், உன்னாலதான்' என்று சொன்னால் அது பொய். கர்ப்பகாலத்தில் அம்மாவின் எடைக்கும் குழந்தையின் பிற்கால உடற்பருமனுக்கும் தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்பு எப்படிப்பட்டது, அதில் நம் கையில் இருப்பது எது என்று தெரிந்துகொண்டால் பயமும் குறையும், செய்யவேண்டியதும் புரியும்.

ஏறுகிற எடையெல்லாம் எங்கே போகிறது?

கர்ப்பத்தில் எடை கூடத்தான் வேண்டும். கூடாமல் இருப்பதுதான் ஆபத்து. ஒரு பெண்ணுக்கு 12 கிலோ கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் குழந்தை சுமார் 3 கிலோ. நஞ்சுக்கொடி அரை கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். பனிக்குட நீரும் வளர்ந்த கர்ப்பப்பையும் சேர்ந்து சுமார் 2 கிலோ. மார்பக வளர்ச்சி அரை கிலோ. கூடுதல் ரத்தமும் உடலில் சேரும் நீரும் சேர்ந்து 3 கிலோ. மீதி சுமார் 3 கிலோதான் கொழுப்பு. அதுவும் வீண் அல்ல. பிரசவத்துக்குப் பிறகு பால் கொடுப்பதற்காக உடல் எடுத்துவைக்கும் சேமிப்பு.

இதற்குமேல் கூடும் ஒவ்வொரு கிலோவும் பெரும்பாலும் அம்மாவின் உடலில் கொழுப்பாகத்தான் தங்குகிறது. ஆக, `எவ்வளவு ஏறினால் சரி' என்ற கேள்விக்கான பதில், கர்ப்பத்துக்கு முன் அந்தப் பெண் எவ்வளவு எடை இருந்தார் என்பதைப் பொறுத்தது.

உங்கள் கணக்கு என்ன?

முதலில் பி.எம்.ஐ. பார்க்க வேண்டும். கிலோவில் இருக்கும் எடையை, மீட்டரில் இருக்கும் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது. என் தோழியின் உயரம் 155 செ.மீ. கர்ப்பத்துக்கு முன் 64 கிலோ. 64-ஐ 1.55-ஆல் இரண்டு முறை வகுத்தால் 26.6.

அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்தான் உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. ஒரே குழந்தையைச் சுமக்கும் பெண்களுக்கு அது சொல்வது இதுதான்:

* பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழ்: 12.5 முதல் 18 கிலோ
* 18.5 முதல் 24.9 வரை: 11.5 முதல் 16 கிலோ
* 25 முதல் 29.9 வரை: 7 முதல் 11.5 கிலோ
* 30-க்கு மேல்: 5 முதல் 9 கிலோ

இரட்டைக் குழந்தைகள் என்றால் கணக்கு வேறு. இன்னொரு விஷயம், இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடற்பருமன் என்றுதான் நம் ஊர் மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கான காரணத்தைப் பிறகு பார்ப்போம். அதனால் இந்தப் பட்டியலை அப்படியே பிடித்துக்கொள்ளாமல், உங்களுக்கு எவ்வளவு என்பதை முதல் செக்கப்பிலேயே உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொத்தத்தைப்போல வேகமும் முக்கியம். முதல் மூன்று மாதங்களில் அரை கிலோ முதல் 2 கிலோ வரை கூடினால் போதும். மசக்கை வாந்தியில் சிலருக்கு எடை கொஞ்சம் குறையவும் செய்யும். நான்காம் மாதத்திலிருந்து, சரியான எடையில் இருந்தவர்களுக்கு வாரத்துக்குச் சுமார் 400 கிராம், ஏற்கெனவே எடை அதிகம் உள்ளவர்களுக்கு 300 கிராம்.

இந்தக் கணக்கில் பார்த்தால், முழுக் கர்ப்பத்துக்கும் 11.5 கிலோவுக்குள் இருந்திருக்க வேண்டிய என் தோழி, ஏழு மாதத்திலேயே அதைத் தாண்டிவிட்டாள். டாக்டர் சொன்னது அதைத்தான்.

சர்க்கரை கடக்கும்... இன்சுலின் கடக்காது!

சரி, அம்மாவின் உடலில் கூடும் எடை குழந்தையை எப்படிப் பாதிக்கும்? கோபன்ஹேகனைச் சேர்ந்த யோர்கன் பெடர்சன் என்ற மருத்துவர் 1950-களில் தந்த விளக்கம் இன்றும் இதற்கு அடிப்படையாக இருக்கிறது.

அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ், நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும். அந்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் அம்மாவின் இன்சுலின் மட்டும் கடந்து போகாது. எனவே, அம்மாவுக்குச் சர்க்கரை அதிகமாக இருந்தால், உள்ளே இருக்கும் குழந்தையின் குட்டிக் கணையம் தானே இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து சமாளிக்க வேண்டியிருக்கும். இன்சுலினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது கொழுப்பைச் சேமிக்கச் சொல்லும் ஹார்மோன். குழந்தை கொழுப்போடு வளர்கிறது. பிறந்ததும், `தளதளன்னு அழகா இருக்கு' என்று நாம் கொஞ்சுகிறோம்.

கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்குமே இன்சுலினின் வேலைத்திறன் கொஞ்சம் குறையும். குழந்தைக்குச் சத்து தடையில்லாமல் போக இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. ஏற்கெனவே எடை அதிகமாக இருக்கும் பெண்ணுக்கு இந்தக் குறைவு இன்னும் அதிகமாகி, கர்ப்பகால நீரிழிவு வரை போகலாம். எடையிலிருந்து குழந்தைக்குப் போகும் பாதைகளில் முக்கியமானது இந்தச் சர்க்கரைதான்.

இதை நம் பக்கத்து ஊரிலேயே பார்த்திருக்கிறார்கள். மைசூரு மருத்துவமனை ஒன்றில் 1990-களின் இறுதியில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். கர்ப்பகால நீரிழிவு இருந்த அம்மாக்களின் பிள்ளைகளுக்கு, ஒன்பது பத்து வயதில் மற்ற பிள்ளைகளைவிட உடல் கொழுப்பு அதிகம். இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையும் அதிகம்.

பரம்பரையா, கருவறையா?

`அம்மா குண்டு, அதனால பிள்ளையும் குண்டு. இது பரம்பரைதானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அம்மாவும் பிள்ளையும் மரபணுவை மட்டுமல்ல, ஒரே சமையலறையையும் பகிர்ந்துகொள்கிறார்கள். எது எதனால் என்று எப்படிப் பிரிப்பது?

ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே அம்மாவின் பிள்ளைகளை ஒப்பிடுவது. அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடி மக்களிடம், அம்மாவுக்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்த பிள்ளைகளையும், வந்த பிறகு பிறந்த அவர்களின் தம்பி தங்கைகளையும் ஒப்பிட்டார்கள். 2000-ல் வெளியான அந்த ஆய்வில், பின்னால் பிறந்தவர்களின் பி.எம்.ஐ. சராசரியாக 2.6 கூடுதலாக இருந்தது. அதே அம்மா, அதே அப்பா, அதே வீடு. மாறியது கருவறைச் சூழல்.

கனடாவின் கியூபெக்கிலிருந்து 2006-ல் வந்த ஆய்வு இதைத் தலைகீழாகக் காட்டியது. எடை குறைப்பு அறுவைசிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு, அதன் பிறகு பிறந்த குழந்தைகளிடம் உடற்பருமன் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது.

அதேநேரம், இதைப் பூதாகரமாக்கவும் கூடாது. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 40,000-க்கும் மேற்பட்ட அம்மாக்களின் பிள்ளைகளை இதே முறையில் ஒப்பிட்டு 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. கர்ப்பத்தில் அதிகம் எடை கூடியபோது பிறந்த பிள்ளைக்கு, 12 வயதுவாக்கில் எடை கொஞ்சம் கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால், அந்த வித்தியாசம் பி.எம்.ஐ. கணக்கில் அரை புள்ளிக்கும் குறைவு. அதாவது, அம்மாவின் எடை ஒரு காரணம். பல காரணங்களில் ஒன்று. அது தலையெழுத்து இல்லை.

அப்படியென்றால் ஒல்லியா இருந்தா நல்லதா?

இங்கேதான் பலரும் தவறு செய்வார்கள். எடை கூடிவிடுமோ என்று பயந்து சாப்பாட்டைக் குறைப்பது, அதைவிடப் பெரிய சிக்கல்.

இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45. ஜெர்மன் ராணுவத்தின் முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கடும் பஞ்சம். அப்போது கருவில் இருந்த ஆண் குழந்தைகள், பின்னாளில் 19 வயதில் ராணுவ மருத்துவப் பரிசோதனைக்கு வந்தார்கள். சுமார் 3 லட்சம் இளைஞர்களின் பதிவுகளை அலசி 1976-ல் முடிவை வெளியிட்டார்கள். கருவான முதல் பாதி மாதங்களில் பஞ்சத்தைச் சந்தித்தவர்களிடம் உடற்பருமன் அதிகமாக இருந்தது. அம்மா பட்டினி, பிள்ளை பருமன்.

`வெளியில் சாப்பாடு கிடைக்காத உலகம் இருக்கிறது, கிடைப்பதைச் சேமித்துக்கொள்' என்று கரு தன்னைத் தயார் செய்துகொள்கிறது என்பதுதான் இதற்குப் பலரும் சொல்லும் விளக்கம். வெளியே வந்து பார்த்தால் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கிறது. சேமிக்கப் பழகிய உடல், சேமித்துக்கொண்டே போகிறது.

நம் குழந்தைகளின் தனிக் கதை

இந்தியக் குழந்தைகளுக்கு இது மிக நெருக்கமான விஷயம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் அவருடைய குழுவினரும், 1990-களில் புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புனே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறியவை. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இதற்கு அவர்கள் வைத்த பெயரே `ஒல்லிக் கொழுப்புக் குழந்தை' என்ற பொருளில்தான்.

அதே யாக்னிக், தன் ஆங்கிலேய நண்பர் யுட்கினோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவிகிதம். யாக்னிக்குக்கு 21.2 சதவிகிதம். இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. எல்லையை ஏன் 23-க்குக் குறைத்தார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

தமிழ்நாட்டில் இரண்டு பக்கமும் சிக்கல் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள பெண்களில் 40.4 சதவிகிதம் பேருக்கு எடை அதிகம். 12.6 சதவிகிதம் பேர் எடை குறைவானவர்கள். ஒரே தெருவில் ஒரு கர்ப்பிணிக்கு `இன்னும் சாப்பிடும்மா' என்றும், அடுத்த வீட்டுக் கர்ப்பிணிக்கு `வேகத்தைக் குறைம்மா' என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து `ரெண்டு உயிருக்கும் சாப்பிடு' என்று ஒரே வாக்கியம் சொன்னால் எப்படிப் பொருந்தும்?

எடை மெஷினோடு நிறுத்திவிடாதீர்கள்

ஒல்லியாக இருக்கும் பெண்ணுக்கும் கர்ப்பகால நீரிழிவு வரலாம். அதனால் எடை மெஷினை மட்டும் நம்ப முடியாது. சர்க்கரைப் பரிசோதனை கட்டாயம். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வி.சேஷய்யா இதற்காகப் பல்லாண்டுகள் பாடுபட்டவர். அவர் பிறந்த நாளான மார்ச் 10, தேசிய கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பரிசோதனை எளிமையானது. வெறும் வயிற்றோடு போக வேண்டியதுகூட இல்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140 மி.கி. அல்லது அதற்குமேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. முதல் செக்கப்பிலேயே ஒரு முறை, நார்மலாக இருந்தால் 24 முதல் 28 வாரங்களுக்குள் இன்னொரு முறை. `முதல் தடவை நார்மல்னு வந்துடுச்சே' என்று இரண்டாவதைத் தவறவிடாதீர்கள். இன்சுலின் வேலைத்திறன் அதிகம் குறைவது அந்த மாதங்களில்தான்.

சர்க்கரை இருப்பது தெரிந்தாலும் பதற வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டு மாற்றமும் நடையுமே போதும். தேவைப்பட்டால் மருந்தோ இன்சுலினோ தருவார்கள்.

தட்டில் என்ன மாற்றலாம்?

கர்ப்பத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது இன்னொரு ஆளின் சாப்பாடு இல்லை. ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது, நாளொன்றுக்கு 350 கலோரி மட்டும். ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு சின்ன வாழைப்பழம். அவ்வளவுதான். கடைசி மூன்று மாதங்களில் புரதம் மட்டும் தினமும் 22 கிராம் கூடுதலாக வேண்டும்.

* நான்கு இட்லி, சட்னிக்குப் பதில் மூன்று இட்லி, பருப்பு நிறைந்த சாம்பார், ஒரு முட்டை.
* ஜூஸ் வேண்டாம், பழமாகவே சாப்பிடுங்கள்.
* சாயங்காலம் முறுக்கு, மிக்சருக்குப் பதில் சுண்டல் அல்லது வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி.
* பாலில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடுங்கள்.
* மூன்று வேளை நிறைய சாப்பிடுவதற்குப் பதில், ஐந்தாறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாக.
* டாக்டர் ஓய்வு சொல்லாதபட்சத்தில், சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிட நடை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். எடை கூடிவிட்டதே என்று கர்ப்பத்தில் டயட் இருந்து எடையைக் குறைக்க முயலக் கூடாது. வேகத்தைக் குறைத்தாலே போதும்.

நல்ல நேரம் எது?

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் எடை அதிகமான 2,200 கர்ப்பிணிகளிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கொடுத்தார்கள். அவர்களில் 4 கிலோவுக்கு மேல் பிறந்த குழந்தைகள் 15 சதவிகிதம். ஆலோசனை பெறாத பிரிவில் 19 சதவிகிதம். பலன் இருந்தது. ஆனால், அந்தக் குழந்தைகள் மூன்று முதல் ஐந்து வயதானபோது, இரு பிரிவுக்கும் எடையில் வித்தியாசம் தெரியவில்லை.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, கர்ப்பமான பிறகு தொடங்குவதைவிட, குழந்தைக்குத் திட்டமிடும்போதே எடையையும் சர்க்கரையையும் சரிசெய்வது நல்லது. முதல் பிரசவத்தில் கூடிய எடையை இரண்டாவது குழந்தைக்கு முன் குறைப்பதும் இதில் அடங்கும். இரண்டாவது, பிறந்த பிறகு வீட்டில் நடப்பதற்கும் கருவறைக்குச் சமமான பங்கு உண்டு.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். இரண்டு வயது வரை கூழிலோ பாலிலோ சர்க்கரை சேர்க்காமல் இருப்பது. வயிறு நிறைந்து குழந்தை தலையைத் திருப்பிக்கொண்ட பிறகும் மொபைலைக் காட்டி இன்னும் நாலு வாய் திணிக்காமல் இருப்பது. எடை குறைவாகப் பிறந்த குழந்தையை, `சீக்கிரம் தேத்தணும்' என்று அவசர அவசரமாகக் கொழுக்க வைக்காமல் இருப்பது. கர்ப்பகால நீரிழிவு இருந்த அம்மா, பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி சர்க்கரை பார்ப்பது. இவற்றில் எதையும் அம்மா தனியாகச் செய்ய முடியாது. அப்பா, பாட்டி, தாத்தா என்று வீடே சேர்ந்து செய்ய வேண்டியவை.

தோழிக்குச் சொன்ன பதில்

அன்று அவளிடம் நான் சொன்னது இதுதான். ``நீ கெடுதல் எதுவும் பண்ணலடி. ஏறினது ஏறட்டும். மிச்சம் இருக்கிற ரெண்டு மாசம் மெதுவா ஏறுற மாதிரி பார்த்துக்கலாம். ரெண்டாவது தடவை சுகர் டெஸ்ட் எடுத்தியா?''

எடுக்கவில்லை. வளைகாப்பு வேலையில் தள்ளிப்போட்டிருந்தாள். அடுத்த நாள் காலை அவளுடைய கணவரே அழைத்துக்கொண்டு போனார். ரிசல்ட் 146. எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. இப்போது அந்த வீட்டில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இருவரும் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார்கள். மாமியாரும் மாறிவிட்டார். சாயங்காலம் கேசரிக்குப் பதில் பாசிப்பயறு சுண்டல். ``ரெண்டு உயிருக்கும் சேர்த்துத்தான் பண்றேன்'' என்கிறாராம்.